வார்டன் இல்லாத ஹாஸ்டல்: ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஹாஸ்டல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஓர் அறைக்கு மூன்று பேர், மெஸ்ஸில் தண்ணீராக ஓடும் சாம்பார், ராத்திரி அட்டென்டன்ஸ், லேட்டாக வந்தால் வார்டனிடம் நின்று பதில் சொல்வது. ஜெர்மனியில் வோன்ஹைம் என்று சொல்லப்படும் மாணவர் விடுதிக்கு அந்த ஞாபகத்தோடு போகாதீர்கள். அங்கே வார்டன் கிடையாது, மெஸ் கிடையாது, கேட் பூட்டும் நேரம் கிடையாது. மூன்று நாள் நீங்கள் வெளியே தலைகாட்டாவிட்டாலும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அக்டோபரில் இது பெரிய விடுதலையாகத் தெரியும், நவம்பர் கடைசியில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கும்போது வேறு மாதிரி தெரியும்.

நான் இருந்தது கிழக்கு ஜெர்மனியில், கம்யூனிச ஆட்சிக் காலத்தில் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி. 12 சதுர மீட்டர் அறை. முதல் வாரம் அந்தச் சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் நாலு தமிழ்ப் பசங்களோடு சேர்ந்து தனி வீடு பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கடைசியில் இரண்டரை வருடம் அங்கேயே இருந்தேன். அந்த அறை மாறவில்லை. அதில் எப்படி இருப்பது என்று எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. அந்த "எப்படி"யைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், அறை கிடைக்க வேண்டுமே

இந்த விடுதிகளில் பெரும்பாலானவற்றைப் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை. ஸ்டூடீரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு நடத்துகிறது, நாடு முழுக்க 57 இருக்கின்றன, கேன்டீனும் அவர்கள் பொறுப்புதான். அதனால் அட்மிஷன் கிடைத்தால் அறை தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மொத்த மாணவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இந்த விடுதிகளில் இடம் இருக்கிறது. 2022-23 குளிர்கால செமஸ்டரிலேயே வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையில் இந்தியர்கள் சீனர்களை முந்திவிட்டார்கள், ஆகவே உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவரும் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம். சில ஊர்களில் அட்மிஷன் கடிதம் வரும் முன்பே விண்ணப்பிக்கலாம், சில ஊர்களில் கடிதம் கேட்பார்கள். வலைத்தளத்தில் படித்துப் பார்த்து, அனுமதிக்கும் முதல் நாளே போட்டுவிடுங்கள். விண்ணப்பித்த பிறகு "இன்னும் அறை வேண்டும்" என்று அவ்வப்போது உறுதி செய்யச் சொல்லும் ஊர்களும் உண்டு, அந்த மின்னஞ்சலைத் தவறவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

படிவத்தில் அறையின் வகை கேட்பார்கள். தனி அப்பார்ட்மென்ட் என்றால் குளியலறையும் சின்ன அடுப்பும் உள்ளேயே இருக்கும். வே-கே என்றால் இரண்டு முதல் ஐந்தாறு பேருக்கு ஒரே வீடு, ஆளுக்கொரு அறை, சமையலறையும் குளியலறையும் பொது. இன்னொன்று காரிடார் வகை, ஒரு மாடிக்கே ஒரு பெரிய சமையலறை. நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தனி அப்பார்ட்மென்டைத்தான் முதலில் போடுவார்கள். அதற்குத்தான் வரிசை நீளம், வாடகையும் அதிகம். முதல் வருடம் வே-கே போதும் என்பது என் கருத்து, ஏன் என்று சமையலறை பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

வாடகையை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளியே தனியார் வீட்டு விளம்பரத்தில் கால்ட்மீட்டெ, அதாவது 'குளிர் வாடகை' என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். ஹீட்டர், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்ததுதான் வார்ம்மீட்டெ, அதற்கு மேல் கரண்டும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் தனி. வோன்ஹைமில் பொதுவாக எல்லாம் ஒரே தொகைக்குள் அடங்கிவிடும். எனக்கு அப்போது எல்லாம் சேர்த்து 260 யூரோ. விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்பே போட்டு வைக்கும் பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து இப்போது மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும் (வருடத்துக்கு 11,904), அதில் வாடகை எவ்வளவு தின்கிறது என்பதுதான் உங்கள் மாதத்தை முடிவு செய்யும். அப்புறம் இன்னொரு அதிர்ச்சி: ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பல நேரம் சமையலறையே இருக்காது, சிங்க், அடுப்பு எதுவும் இல்லாமல் வெறும் குழாய் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், விளக்குக்குப் பதில் கூரையில் ஒயர் தொங்கும். கட்டில், மெத்தை, மேசை, அலமாரியோடு உங்களுக்குக் கிடைக்கும் அந்த 12 சதுர மீட்டரின் அருமை அப்போது புரியும்.

அறை கிடைக்காமல் வெளியே தேட நேர்ந்தால் ஒரே எச்சரிக்கை: "நான் லண்டனில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் எழுதினாலும் அது மோசடி. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

போய்ச் சேரும் நாள்

டிக்கெட் போடும் முன்பே சாவி எப்போது, யாரிடம் என்று கேட்டுவிடுங்கள். சாவி தருபவர் ஹவுஸ்மைஸ்டர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். வார்டன் மாதிரி என்று நினைக்காதீர்கள், குழாய் ஒழுகினால் வருவார், நீங்கள் ராத்திரி எப்போது வருகிறீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. அவருக்கு அலுவலக நேரம் உண்டு, வார நாட்களில் சில மணி நேரம்தான். வெள்ளி இரவு இறங்கினால் திங்கள் வரை சாவி கிடையாது. குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 தொடங்குகிறது, 3-ஆம் தேதி இரு ஜெர்மனிகளும் இணைந்த நாள், நாடு முழுக்க விடுமுறை. 2-ஆம் தேதி மாலை இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கிப் பூட்டிய அலுவலகத்தின் முன் நின்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

ஞாயிறன்றும் கடைகள் மூடியிருக்கும். கட்டில் உண்டு, மெத்தை உண்டு, ஆனால் போர்வை, தலையணை, விரிப்பு இருக்காது. ஆகவே பெட்டியில் ஒரு படுக்கை விரிப்பும் ஒரு கனத்த போர்வையும் வைத்துக்கொள்ளுங்கள், ஊறுகாய் பாட்டிலில் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை. (குறைக்க மாட்டீர்கள், தெரியும்.) அவர்கள் ஊர் தலையணை 80க்கு 80 சென்டிமீட்டர் சதுரம், நம் உறை போடவே முடியாது.

சாவி வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். அறை என்ன நிலையில் இருந்தது என்ற பதிவு அது. ஜெட்லாக்கில் தூக்கம் சொக்கும், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். மேசையில் கீறல், சுவரில் ஆணி ஓட்டை, மெத்தையில் கறை, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள், அன்றே படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். நீங்கள் கட்டும் கவுட்சியோன், அதாவது டெபாசிட், கடைசியில் முழுதாகத் திரும்புமா என்பது இந்தத் தாளில்தான் இருக்கிறது. (சட்டப்படி வீட்டு டெபாசிட் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் போகக்கூடாது, விடுதியில் பொதுவாக அதைவிடக் குறைவு.)

அஞ்சல் பெட்டியில் அப்பா பெயர்

ஜெர்மன் முகவரியில் கதவு எண் பொதுவாக இருக்காது. தெரு, கட்டட எண், அவ்வளவுதான். அஞ்சல்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே போய்விடும், அந்த முதல் வாரங்களில் வரும் கடிதங்களோ வங்கி அட்டை, காப்பீடு, வரி எண் என்று ஒவ்வொன்றும் முக்கியமானவை. சாவி வாங்கியதும் முதல் வேலை பெயர் ஒட்டுவது.

எந்தப் பெயர் என்பதில்தான் நமக்குச் சிக்கல். இனிஷியலோடு பழகிய நம் பெயர் பாஸ்போர்ட்டில் விரியும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அவர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முக்கியம். அதனால் பெட்டியில் அப்பா பெயர், அழைப்பு மணியில் அப்பா பெயர், ஹவுஸ்மைஸ்டர் வணக்கம் சொல்வதும் அப்பா பெயரைச் சொல்லி. சொந்தப் பெயரை மட்டும் எழுதி ஒட்டி வைத்து இரண்டு வாரம் ஒரு கடிதமும் வராமல் காத்திருந்தவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டையும் எழுதி ஒட்டுங்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று விடுதி தரும் ஓர் உறுதிச் சான்று அதற்குத் தேவை, சாவியோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவு நேரம் முன்கூட்டியே பிடிக்க வேண்டும், செப்டம்பர், அக்டோபரில் கூட்டம் அள்ளும்.

பதிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். என்னிடம் டிவியே இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ. வே-கே என்றால் மொத்த வீட்டுக்கும் சேர்த்து ஒருவர் கட்டினால் போதும், பங்கு போட்டுக்கொள்ளலாம், ஏற்கெனவே கட்டுபவரின் எண்ணைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பொதுக் காரிடாரிலிருந்து நேராகத் திறக்கும் அறை என்றால் அது தனிக் குடியிருப்புக் கணக்கு, முழுக்க உங்கள் தலையில்.

ஜன்னல், ஹீட்டர்

ஜெர்மன் ஜன்னல் கைப்பிடிக்கு மூன்று நிலை. கீழே பார்த்தால் மூடியது, பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி உள்பக்கம் திறக்கும், மேலே திருப்பினால் மேல்பகுதி மட்டும் சாயும். திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பிவிட்டால் ஜன்னல் ஒரு மூலையில் மட்டும் தொங்கி, மொத்தமாகக் கையோடு கழன்று வருவது போல ஆடும். நான் முதல் நாள் ராத்திரி ஏழாவது மாடியில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். ஒன்றும் ஆகாது. சட்டத்தோடு சேர்த்து அழுத்திக் கைப்பிடியைப் பக்கவாட்டுக்குக் கொண்டு வாருங்கள், சரியாகிவிடும்.

ஹீட்டரில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. 5-ல் வைத்தால் வேகமாகச் சூடாகாது, அதிகமாகச் சூடாகும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, ஜன்னலை நாள் முழுக்க லேசாகச் சாய்த்து வைப்பது, இல்லாவிட்டால் திறக்கவே திறக்காதது. முதலாவதில் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்துபோகும். இரண்டாவதில் மூச்சு, குளியல், சோறு வடித்த ஆவி, அறைக்குள் காயப்போட்ட ஜீன்ஸ் எல்லாவற்றின் ஈரமும் உள்ளேயே சுற்றும். இரண்டிலும் கடைசியில் மூலையில் கருப்பாகப் பூஞ்சணம் பூக்கும், டெபாசிட்டிலிருந்து கழிப்பார்கள். ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. இதற்கென்று அவர்களிடம் ஒரு சொல்லே இருக்கிறது, ஸ்டோஸ்லுஃப்டன். குடும்பத்தில் சொல்லிக் கொடுத்து வளர்ப்பார்கள்.

சமையலறை

சரி, இதற்கு வருவோம். பொதுச் சமையலறையைப் பார்த்து முகம் சுளிக்காத நம் ஊர்ப் பையனை நான் பார்த்ததில்லை. யாரோ ஊற வைத்துவிட்டு மறந்த பாஸ்தா பாத்திரம், உங்கள் தட்டில் யாரோ பன்றி இறைச்சி சாப்பிட்டிருப்பார்கள், ஃப்ரிட்ஜில் பெயரெழுதி வைத்த தயிர் பாதியாகியிருக்கும். எல்லாம் நடக்கும். நல்ல வாணலி ஒன்றும் கத்தியும் அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பொது என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் அதை முதல் வாரமே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. மூன்று மாதம் மனதிற்குள் புழுங்கிவிட்டு ஒருநாள் வெடித்தால்தான் நினைப்பார்கள்.

அடுப்பு மின்சாரக் கண்ணாடி அடுப்பு. கேஸ் மாதிரி திருகியதும் அடங்காது, அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் சூடு இருக்கும். சோறு வைத்தால் கொஞ்சம் முன்னதாகவே அணைத்துவிடுங்கள், மிச்ச சூட்டில் வெந்துவிடும். குக்கர் விசில் அடிக்கும் என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது, எங்கள் மாடியில் முதல் விசிலுக்கு ஒரு பெண் சமையலறையை விட்டு ஓடியே போனாள்.

அடுத்தது தாளிப்பு, இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். காய்ந்த மிளகாய் போட்டதும் கமறுகிறது, கண் எரிகிறது, உடனே என்ன செய்வோம்? புகை போகட்டும் என்று கதவைத் திறப்போம். எங்கள் கட்டடத்தில் சமையலறைக்குள் இருந்தது வெப்பத்தை உணரும் கருவி, அதற்குத் தாளிப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காரிடாரில் இருந்ததோ புகையை உணரும் கருவி. கதவைத் திறந்த மறு நிமிடம் மொத்தக் கட்டடமும் அலறியது. ஜனவரி மாதம், ராத்திரி ஒன்பது மணி, நூறு பேருக்கு மேல் பைஜாமாவும் குளிர் கோட்டுமாகக் கீழே பனியில் நிற்கிறார்கள், தீயணைப்பு வண்டி வருகிறது, என் கையில் கரண்டி. நல்ல வேளை பில் வரவில்லை, வேண்டாத அலாரத்துக்குச் செலவை வசூலிப்பதும் உண்டு. ஆகவே ஜன்னலைத் திறங்கள், கதவை மூடுங்கள், எண்ணெயைப் புகைய விடாதீர்கள்.

இட்லி மாவு புளிக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, ராத்திரி முழுக்க மாவுப் பாத்திரத்தை வைத்தால் பொங்கிவிடும். ஓவன் கதவில் "உள்ளே மாவு இருக்கிறது, சூடாக்காதீர்கள்" என்று ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். எழுதாமல் விட்ட ஒரு ஞாயிறன்று யாரோ பீட்சாவுக்காக ஓவனை 200-க்குத் திருகிவிட்டார்கள், உலகத்தின் மிகப் பெரிய ஒற்றை இட்லி எனக்குக் கிடைத்தது.

முதல் வருடத்துக்கு வே-கே போதும் என்று சொன்னேன் இல்லையா, அதன் காரணமும் இந்த அடுப்படிதான். வகுப்பில் ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு 'ஹலோ'வைத் தாண்டவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எந்தக் காப்பீடு எடுப்பது, எந்தப் பேராசிரியர் கறார், கரண்ட் இல்லாத மாதிரி இருட்டும் டிசம்பரை எப்படித் தாண்டுவது, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அலுவலகத்திலிருந்து வந்த ஜெர்மன் கடிதங்களை நான் படித்துப் புரிந்துகொண்டதே அந்த மேசையில், பக்கத்து அறை மாணவி கேரட் துருவிக்கொண்டே சொல்லச் சொல்லத்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் சண்டை இதில்தான் வரும்

குப்பை: பேக்கிங் பிளாஸ்டிக், டின் மஞ்சளில், காகிதம் பெரும்பாலும் நீலத்தில், காய்கறித் தோல் பழுப்பில், மிச்சம் கருப்பில். ஊருக்கு ஊர் நிறம் கொஞ்சம் மாறும், தொட்டி மேல் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில், கேன் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் கடையில் திரும்பக் கிடைக்கும், விடுதியில் பார்ட்டி நடந்த மறுநாள் காலை சீக்கிரம் எழுபவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கண்ணாடி பாட்டில் போடும் தொட்டியில் ஞாயிறன்று போடாதீர்கள், சத்தம்.

சத்தம் என்றதும், இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுக்க. அம்மா காலை ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டு வீடியோ கால் போட்டால் இங்கே கோடையில் இரவு 2.30, குளிர்காலத்தில் 1.30. நம் வீட்டில் போன் பேசுவது என்றால் மதுரையிலிருந்து திருச்சிக்கு நேராகவே கேட்கும் அளவுக்குத்தான் பேசுவோம். சுவர் மெல்லியது. ஹெட்போன் வாங்குங்கள்.

துணி துவைக்க அடித்தளத்தில் மெஷின் இருக்கும், அட்டை அல்லது ஆப் மூலம் காசு. ஞாயிறு மாலை போகாதீர்கள். நேரம் முடிந்ததும் எடுக்காவிட்டால் உங்கள் பனியனை யாரோ முன்பின் தெரியாதவர் எடுத்து மெஷின் மேல் குவித்திருப்பார்.

கதவு: இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வெளிப்பக்கம் பிடி சுழலாது, கதவு சாத்தினால் சாத்தியதுதான். குப்பை கொட்ட ரப்பர் செருப்போடு இறங்கினேன், சாவி உள்ளே. சனிக்கிழமை இரவு பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால் கேட்கும் தொகை ஒரு மாத மளிகையைத் தாண்டும், நெட்டில் முதலில் வரும் எண்ணைக் கூப்பிட்டு நானும் ஏமாந்தேன். விடுதியின் அவசர எண்ணை இன்றைக்கே போனில் பதியுங்கள், பல இடங்களில் இரவுக்கும் ஆள் உண்டு. சாவியே தொலைந்தால் இன்னும் மோசம், ஒரே சாவி வாசலையும் திறக்கும் அமைப்பு என்பதால் பூட்டுகளை மாற்றும் செலவு நூற்றுக்கணக்கான யூரோவில் போய் நிற்கும். பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு ஒன்று இருக்கிறது, ஹாஃப்ட்ப்ளிஷ்ட் என்பார்கள், மாதம் சில யூரோதான், தொலைந்த சாவிக்கும் பொருந்துமா என்று பார்த்து எடுங்கள்.

கட்டடத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நான் மூன்றாவது செமஸ்டரில்தான் அடித்தளத்தில் ஒரு பியானோ அறை இருப்பதைக் கண்டுபிடித்தேன். பல விடுதிகளில் மாணவர்களே நடத்தும் சின்ன பார், உடற்பயிற்சி அறை, சைக்கிள் ரிப்பேர் செய்யும் மூலை, புதிதாக வருபவர்களுக்கு உதவ நியமித்த மூத்த மாணவர்கள் எல்லாம் உண்டு. அறிவிப்புப் பலகையை ஒரு தடவை நின்று படித்தால் போதும். மியூனிக்கில் 1972 ஒலிம்பிக்குக்கு வந்த வீராங்கனைகள் தங்கிய இடம் இன்று மாணவர் குடியிருப்பு. பழைய பங்களாக்களை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி வீடுகள், வெளிச்சுவரில் குடியிருப்பவரே படம் வரைந்துகொள்ளலாம். அந்தப் பக்கம் போனால் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

கிளம்பும்போது

வேறு ஊரில் ஆறு மாத இன்டெர்ன்ஷிப் கிடைத்தால் அறையை உடனே காலி செய்யாதீர்கள். அலுவலகத்தில் அனுமதி வாங்கி இன்னொரு மாணவருக்கு இடைக்கால வாடகைக்கு விட பெரும்பாலும் முடியும். அனுமதி இல்லாமல் நண்பனைக் குடிவைத்தால் ஒப்பந்தமே போய்விடும். எத்தனை செமஸ்டர் இருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு, எத்தனை மாதம் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும், தீஸிஸ் தொடங்கும்போதே எடுத்துப் படியுங்கள்.

காலி செய்யும் நாளில் ஹவுஸ்மைஸ்டர் ஃப்ரிட்ஜின் ரப்பர் மடிப்பு வரை விரல் வைத்துப் பார்ப்பார். அடுப்பில் கருகிய கறைக்கு அங்கே சின்னக் கண்ணாடிச் சுரண்டி விற்கும், வாங்குங்கள், மஞ்சள் கறைக்கு முந்தின நாளே எலுமிச்சையும் வெயிலும் (கிடைத்தால்) முயன்று பாருங்கள். டெபாசிட் திரும்ப வர வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும், அதுவரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள். நாட்டை விட்டே போவதானால் ஊர் அலுவலகத்தில் முகவரியை நீக்கி அந்தச் சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள், வானொலிக் கட்டணத்தை நிறுத்த அதைக் கேட்பார்கள். அஞ்சலகத்தில் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிட ஒரு விண்ணப்பம் உண்டு, அதையும் போட்டுவிட்டு, பெட்டியில் இருக்கும் அப்பா பெயரை உரித்து எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருபவர் தன் அப்பா பெயரை ஒட்ட இடம் வேண்டும்.